தட்டிய எழுத்து எங்கே போயிற்று?

பெர்லின் நகரத்தில் ஒருவர் புதிதாக ஒரு மாக் கணினி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முன் பத்து வருஷ காலம் விண்டோஸ் கணினியில் பழகியவர். நண்பருக்கு மின்னஞ்சல் எழுத உட்காருகிறார். முகவரியின் நடுவே '@' என்ற குறி வர வேண்டும். ஜெர்மன் விண்டோஸ் கணினியில் அதற்கு, இடைவெளிக் கட்டையின் வலது பக்கத்தில் இருக்கும் 'ஆல்ட் ஜிஆர்' விசையை அழுத்திக்கொண்டு 'க்யூ'வைத் தட்ட வேண்டும். விரல் பழகிய வழியே போகிறது. மாக் கணினியில் அந்த இடத்தில் இருப்பதோ 'கமாண்ட்' என்ற வேறொரு விசை. கமாண்டையும் க்யூவையும் சேர்த்துத் தட்டினால் என்ன அர்த்தம் தெரியுமா? 'கடையைக் கட்டு' என்று அர்த்தம்! அஞ்சல் செயலி அந்த நிமிஷமே மூடிக்கொள்கிறது.

அந்த மனிதரைப் பற்றிக் கவலை வேண்டாம். 'ஆப்ஷன்' விசையோடு 'எல்'லைத் தட்டினால் மாக்கில் அதே குறி வரும் என்று இரண்டு நாளில் கற்றுக்கொண்டு விடுவார். மனிதனுக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு. புரோகிராமுக்கு அது கிடையாது. ஓர் இயங்குதளத்தில் பிறந்து வளர்ந்த புரோகிராமை மற்றோர் இயங்குதளத்துக்குக் கொண்டு போகும்போது, அங்குள்ள விசைப்பலகைப் பழக்கத்தை யாராவது அதற்குச் சொல்லிக் கொடுத்தாக வேண்டும். பெரும்பாலும் சொல்லிக் கொடுப்பதில்லை. வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வீடு மாற்றும் வேலை

மென்பொருளை வேறு தளத்துக்குப் பெயர்த்து அமைப்பது வீடு மாற்றுவதைப் போன்ற காரியம். கட்டில், பீரோ, நாற்காலி எல்லாம் முதல் வண்டியிலேயே ஏறிவிடும். புரோகிராமர் திரையில் படம் தெரிகிறதா என்று பார்க்கிறார். ஒலி கேட்கிறதா, கோப்பு திறக்கிறதா, சுட்டி நகர்கிறதா என்று பார்க்கிறார். பிறகு தம்முடைய அமெரிக்க விசைப்பலகையில் நாலு எழுத்துத் தட்டிப் பார்க்கிறார். எழுத்து வருகிறது. 'வேலை முடிந்தது' என்று வெளியிட்டு விடுகிறார்.

அவர் மேஜையில் அது முடிந்த வேலைதான். பாரிஸில், வார்ஸாவில், மாஸ்கோவில், டோக்கியோவில் அது பாதி வேலை. தன் பெயரையே தட்ட முடியாத ஒருவருக்கு, 'இந்த மென்பொருள் உங்கள் கணினியிலும் ஓடுகிறது' என்று சொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது?

மூன்று கேள்விகள்

விசையைத் தட்டுவது பார்க்க ஒரே செயலாகத் தோன்றும். ஆனால் அதில் மூன்று தனித்தனிக் கேள்விகள் அடங்கியிருக்கின்றன. எந்த இடத்திலுள்ள விசை அழுத்தப்பட்டது என்பது ஒன்று. அந்த விசைக்கு இந்த நாட்டில் என்ன பெயர் என்பது இன்னொன்று. கடைசியில் என்ன எழுத்து பிறந்தது என்பது மூன்றாவது.

விளையாட்டுக்கு வேண்டியது இடம். அமெரிக்கப் பலகையில் 'டபிள்யூ, ஏ, எஸ், டி' ஆகிய நான்கும் திசைகாட்டிபோல் அமைந்திருப்பதால், முன்னே பின்னே நடக்க அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். பிரெஞ்சுப் பலகையில் அதே நான்கு இடங்களில் இருப்பவை 'இசட், க்யூ, எஸ், டி'. எழுத்தின் பெயரைப் பார்த்து எழுதிய விளையாட்டு, பிரெஞ்சுச் சிறுவனின் விரல்களை முடிச்சுப் போட்டுவிடும்.

குறுக்கு வழி விசைகளுக்கு வேண்டியது பெயர். ஜெர்மன் பலகையில் 'ஒய்'யும் 'இசட்'டும் இடம் மாறி இருக்கும். இடத்தை மட்டும் பார்க்கும் புரோகிராமில், செய்ததை ரத்து செய்ய ஜெர்மானியர் 'கண்ட்ரோல் இசட்' தட்டினால், ரத்து செய்ததை அது திரும்பச் செய்யும். ரஷ்யருக்கு வேறு விதமான அவதி. ரஷ்ய அமைப்பில் 'வி' விசை ரஷ்ய எழுத்தாகிய 'எம்'மைக் கொடுக்கிறது. 'வி என்ற எழுத்து வந்தால் ஒட்டு' என்று எழுதிய புரோகிராம் அதைக் கண்டு விழிக்கும். ஆகவே ரஷ்யர் ஒரு வரியை ஒட்டுவதற்காக ஆங்கிலத்துக்கு மாறி, ஒட்டிவிட்டு, மறுபடியும் ரஷ்யத்துக்குத் திரும்ப வேண்டும்.

கடிதம், பெயர், கவிதை, கடவுச்சொல் ஆகியவற்றுக்கு வேண்டியது மூன்றாவது விடை, அதாவது பிறந்த எழுத்து. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பியதே எல்லாத் தொல்லைக்கும் மூலம்.

டூம் விளையாட்டின் பட்டியல்

இந்தக் குழப்பத்துக்கு நல்ல உதாரணம் 'டூம்' என்ற புகழ் பெற்ற விளையாட்டு. இட் சாப்ட்வேர் என்ற அமெரிக்க நிறுவனம் 1993 டிசம்பரில் வெளியிட்டது. 1997 டிசம்பரில் அதன் மூலநிரலையும் உலகத்துக்குத் திறந்துவிட்டார்கள். அன்று முதல் அதை எத்தனையோ இயங்குதளங்களுக்குக் கொண்டு போயிருக்கிறார்கள்.

அந்த மூலநிரலில் ஒரு பட்டியல் இருக்கிறது. பலர் கூடி ஆடும்போது ஒருவருக்கொருவர் செய்தி அனுப்ப வசதி உண்டு. அதற்காக, 'ஷிப்டை அழுத்தி இந்த விசையைத் தட்டினால் இந்த எழுத்து' என்று கையாலேயே எழுதி வைத்த பட்டியல் அது. ஷிப்டுடன் 2 தட்டினால் '@' என்று அதில் இருக்கிறது. அமெரிக்காவில் அது சரி. இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் அதே விசை இரட்டை மேற்கோள் குறியைக் கொடுக்கும். பிரான்சிலோ இன்னும் வேடிக்கை: ஷிப்டை அழுத்தினால்தான் அங்கே 2 என்ற எண்ணே வரும்!

பிரெஞ்சுக்காரருக்கென்று மட்டும் இன்னொரு பட்டியலும் அதில் சேர்த்திருக்கிறார்கள். அது நல்லெண்ணம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு தேசத்துக்கு ஒரு பட்டியல் என்று கிளம்பினால் அதற்கு எல்லை ஏது? இந்த விஷயத்தில் நிரல் எழுதியவர்களைக் குறை சொல்வதும் முறையல்ல. 'டாஸ்' காலத்தில் விளையாட்டு எழுதுகிறவர் விசைப்பலகையோடு நேரடியாகவே பேசினார். இன்றைய நிலைமை அப்படியில்லை. எந்த எழுத்து பிறந்தது என்பதை இயங்குதளமே அறியும், கேட்டால் சொல்லும். கேட்காமல் பழைய பட்டியலையே மூட்டை கட்டிக்கொண்டு போவதுதான் தவறு.

பல தளங்களிலும் விளையாட்டுகளை ஓட்ட உதவும் 'எஸ்டிஎல்' என்ற நூலகம், 2013-ல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில், 'விசை அழுத்தப்பட்டது' என்ற செய்தியையும் 'எழுத்து வந்தது' என்ற செய்தியையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டது. எழுத்து இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது என்பதற்குக்கூட அதில் தனிச் செய்தி உண்டு. பாராட்ட வேண்டிய காரியம்.

காணாமற்போன போலிஷ் எழுத்து

போலிஷ் பாஷையில் ஆங்கிலத்தில் இல்லாத எழுத்துக்கள் ஒன்பது. தலைமேல் சிறு கோடிட்ட 'எஸ்' அவற்றில் ஒன்று. அலங்காரத்துக்காக வைத்த கோடுகள் அல்ல இவை. சாதாரண 'ஏ' போட்டு 'சாட்' என்று எழுதினால் பழத்தோட்டம். அதே சொல்லில் வால் வைத்த 'ஏ' போட்டால் நீதிமன்றம்!

போலந்தில் பெரும்பாலோர் அமெரிக்கப் பலகையையே வைத்துக்கொண்டு, ஆல்ட் ஜிஆர் விசையோடு சேர்த்து இந்த ஒன்பது எழுத்துக்களையும் தட்டுகிறார்கள். விண்டோஸில் ஒரு சூட்சுமம் உண்டு. ஆல்ட் ஜிஆர் என்பதை அது 'கண்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்து அழுத்தப்பட்டன' என்றே புரோகிராமுக்குச் சொல்லும்.

2015-ல் 'மீடியம்' என்ற எழுத்துத் தளத்தில் நடந்ததைக் கேளுங்கள். போலிஷ் வாசகர்கள் எழுதும்போது கோடிட்ட 'எஸ்' மட்டும் வரவே இல்லை. மற்ற எட்டும் வந்தன. அங்கே வேலை பார்த்த மார்சின் விகாரி என்ற போலந்துக்காரர் துருவிப் பார்த்தார். அந்தத் தளத்தில் எழுதுவது தானாகவே சேமிக்கப்படும். ஆகவே, பழக்கதோஷத்தால் யாராவது 'கண்ட்ரோல் எஸ்' தட்டினால் அதைக் கண்டுகொள்ளாமல் விடும்படி எழுதியிருந்தார்கள். போலிஷ்காரர் ஆல்ட் ஜிஆருடன் எஸ்ஸைத் தட்டினால் அது கண்ட்ரோல், ஆல்ட், எஸ் என்று வருகிறது. 'ஓகோ, கண்ட்ரோல் எஸ்' என்று புரோகிராம் அதை விழுங்கிவிட்டது! ஆல்ட்டும் கூடவே இருக்கிறதா என்று பார்க்கவில்லை, அவ்வளவுதான் பிழை.

மீடியம் வலைத்தளம்தான், ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்குப் பெயர்த்த மென்பொருள் அல்ல. ஆனாலும் நோய் ஒன்றே. கண்ட்ரோலையும் ஆல்ட்டையும் சேர்த்துக் குறுக்கு வழி விசைகளாக வைக்காதீர்கள் என்று மைக்ரோசாப்ட் பொறியாளர் ரேமண்ட் சென் 2004-லேயே எழுதினார். லினக்ஸில் அப்படிப் பழகிய புரோகிராம் விண்டோஸுக்கு வரும்போது இந்த எச்சரிக்கையை யார் அதன் காதில் போடுவது?

மாக் கணினியில் இதே வழக்கு வேறு வேஷத்தில் வருகிறது. 'ஈமாக்ஸ்' என்ற பழம்பெரும் எழுதுகருவிக்கு 'மெட்டா' என்றொரு விசை வேண்டும். மாக்கில் அந்த வேலையை ஆப்ஷன் விசையிடம் கொடுத்தால், ஜெர்மன் புரோகிராமருக்குப் பிழைப்பே போயிற்று. அவருடைய மாக்கில் சதுர அடைப்புக்குறி ஆப்ஷனுடன் 5, 6. சுருள் அடைப்புக்குறி ஆப்ஷனுடன் 8, 9. இந்த நான்கும் இல்லாமல் எந்த நிரலை எழுதுவது? இடது ஆப்ஷனை மெட்டாவாகவும் வலது ஆப்ஷனை எழுத்துக்காகவும் பிரித்து வைத்துக்கொள்ள இப்போது அதில் வசதி இருக்கிறது. அதுவே சரியான வழி. விசை யாருக்குச் சொந்தம் என்பதை உபயோகிப்பவரே தீர்மானிக்கட்டும்.

வண்டி நகராத விசை

பழைய தட்டச்சு யந்திரத்தில் பழகியவர்களுக்கு ஒரு சங்கதி ஞாபகம் இருக்கும். சில விசைகளைத் தட்டினால் குறி விழும், வண்டி நகராது. அடுத்த எழுத்து அதே இடத்தில் வந்து விழுந்து இரண்டும் ஒன்றாகும். பிரெஞ்சு யந்திரத்தில் எழுத்துக்குக் கூரை போடும் குறிக்கு அப்படி ஒரு விசை. தமிழ் யந்திரத்திலும் நகராத விசைகள் உண்டு.

கணினியிலும் அந்த வழக்கம் தொடர்கிறது. பிரெஞ்சுக்காரர் கூரைக் குறியைத் தட்டினால் உடனே ஒன்றும் வரக்கூடாது. பிறகு 'ஈ' தட்டினால் கூரையிட்ட 'ஈ' ஒன்றே வர வேண்டும். இரண்டு முறை தட்டியதற்கு ஓர் எழுத்து! 'தட்டு ஒன்று, எழுத்து ஒன்று' என்று நம்பி எழுதிய புரோகிராமில் கூரை தனி, எழுத்து தனி என்று பிரிந்து கிடக்கும். அல்லது கூரையே பறந்து போயிருக்கும்.

ஜப்பானியர் படும் பாடு

ஐரோப்பியர் படும் பாடு இவ்வளவென்றால், கிழக்கே போகப் போக அது பன்மடங்காகிறது.

ஜப்பானில் ஆயிரக்கணக்கான சித்திர எழுத்துக்கள் புழங்குகின்றன. எழுத்துக்கு ஒரு விசை வைத்தால் பலகைக்கு மேஜை போதாது. ஒலியைத் தட்டினால் சித்திர எழுத்தாக மாற்றித் தரும் சொற்செயலியைத் தோஷிபா நிறுவனம் 1978-ல் கொண்டுவந்தது. விலை 63 லட்சம் யென்! இன்று எந்த ஜப்பானியக் கணினியிலும் அந்த வித்தை இலவசமாகவே இருக்கிறது.

அது நடக்கும் முறையைக் கவனிக்க வேண்டும். 'கிஷா' என்று தட்டுகிறார். திரையில் ஒலியெழுத்து அடிக்கோட்டுடன் தோன்றுகிறது. அது இன்னும் முடிவாகாத எழுத்து. இடைவெளிக் கட்டையைத் தட்டுகிறார். ரயில் வண்டி, பத்திரிகை நிருபர், தங்கள் நிறுவனம், அலுவலகம் திரும்புதல் எனப் பல சொற்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒலி 'கிஷா'தான். வேண்டியதைத் தேர்ந்தெடுத்து 'என்டர்' தட்டினால் எழுத்து உறுதியாகிறது.

இப்போது இந்தப் பழக்கத்தை அறியாத ஒரு புரோகிராமை அங்கே கொண்டு போய் வைத்துப் பாருங்கள். அதற்கு என்டர் என்றால் 'அனுப்பு' என்று அர்த்தம். சொல்லைத் தேர்ந்தெடுக்க அவர் என்டர் தட்டுகிறார். அரைகுறைச் செய்தி மேலதிகாரிக்குப் பறந்து போகிறது! தேர்வை ரத்து செய்ய 'எஸ்கேப்' தட்டினால், புரோகிராம் ஜன்னலையே மூடிவிடுகிறது. எழுதும் இடம் எங்கே இருக்கிறது என்று புரோகிராம் சொல்லாததால், சொற்பட்டியல் திரையின் ஒரு மூலையில் போய் நிற்கிறது. எழுதுகிறவர் ஒவ்வொரு சொல்லுக்கும் கழுத்தை அங்கேயும் இங்கேயும் திருப்ப வேண்டியிருக்கிறது.

கொரிய எழுத்து இன்னொரு விதம். மெய்யும் உயிரும் மெய்யும் ஒரே கட்டத்துக்குள் சேர்ந்து உட்காரும். 'க்', 'ஆ', 'க்' என்று தட்டினால் மூன்றும் ஒரு கட்டம். உடனே இன்னொரு 'ஆ' தட்டினால், கடைசி 'க்' அந்தக் கட்டத்தை விட்டு வெளியேறி, புது உயிரோடு சேர்ந்து அடுத்த கட்டமாகும். திரையில் விழுந்த எழுத்தே உருமாறும் விந்தை இது. விழுந்தது விழுந்ததுதான் என்று எண்ணும் புரோகிராமுக்கு இது எப்படிப் புரியும்?

கொரியரைச் சொல்வானேன்! தமிழிலும் இதே கதைதான். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி உருவான 'தமிழ் 99' விசைப்பலகையில், 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்று தட்டினால் போதும். புள்ளியை யாரும் தட்டுவதில்லை. இரண்டாவது 'ம' வந்ததும் முதல் 'ம' தானே புள்ளி வைத்துக்கொள்ளும். அதாவது ஏற்கனவே கொடுத்த எழுத்தை உள்ளீட்டு முறை திரும்ப வந்து திருத்துகிறது. அதற்கு இடம் கொடுக்காத புரோகிராமில் தமிழ் எழுதுவது பெரும்பாடு.

சாக்குகள்

'அந்த நாட்டுக்காரர்கள் எத்தனை பேர் உபயோகிக்கப் போகிறார்கள்?' என்று கேட்பவர்கள் உண்டு. எழுத்தே வராத மென்பொருளை ஒருவர் ஒரு நாள் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிடுவார். பிறகு கணக்கெடுத்தால் ஆள் குறைவாகத்தான் இருக்கும்! கதவைச் சாத்திவிட்டு, விருந்தாளி வரவில்லை என்று சொல்வது இது.

'ஆங்கிலப் பலகையில் தட்டிவிட்டுப் போகட்டுமே' என்பது இன்னொரு சாக்கு. செக் நாட்டுப் பலகையின் மேல் வரிசையில் இருப்பவை எண்கள் அல்ல, செக் எழுத்துக்கள். எண் வேண்டுமானால் ஷிப்டை அழுத்த வேண்டும். ஆங்கில அமைப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கும் புரோகிராமில் செக்காரர் கடவுச்சொல் தட்டினால், புள்ளி புள்ளியாகத் தெரியுமே ஒழிய என்ன தவறு நேர்ந்தது என்று அவருக்கே தெரியாது. தன் கணக்குக்குள்ளேயே நுழைய முடியாமல் அவர் வெளியே நிற்கிறார்.

மூன்றாவது சாக்கு சற்றுக் கெட்டியானது. 'நாங்கள் சம்பளம் வாங்காமல் ஓய்வு நேரத்தில் செய்கிறோம். எல்லாவற்றையும் செய்ய முடியுமா?' நியாயமான கேள்வி. இலவசமாக உழைப்பவரிடம் அதிகாரம் செய்ய யாருக்கும் உரிமை இல்லை. ஆனால், 'ஜப்பானிய உள்ளீடு இன்னும் வேலை செய்யவில்லை' என்று ஒரு வரியாவது வெளியீட்டுக் குறிப்பில் எழுதலாம் அல்லவா? உபயோகிப்பவர் தன் கணினியில்தான் ஏதோ கோளாறு என்று எண்ணிப் பொழுதை வீணாக்காமல் இருப்பார்.

'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியாது. விசைச் செய்தி புரோகிராமின் மூலை முடுக்கெல்லாம் ஓடும் நீர்க்குழாய் மாதிரி. ஒரு தட்டுக்கு ஓர் எழுத்து என்ற கணக்கில் கட்டிடம் எழும்பிவிட்டால், பிறகு மாற்றுவதற்குச் சுவரையே இடிக்க வேண்டும். முதலிலேயே வழி விட்டால் சில நாள் வேலை.

வழி இருக்கிறது

செய்ய வேண்டியது மந்திர வித்தை ஒன்றுமில்லை. தட்டப்பட்ட விசையை முதலில் இயங்குதளத்தின் உள்ளீட்டு முறையிடம் காட்ட வேண்டும். அது தனக்கென்று எடுத்துக்கொண்டால், புரோகிராம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். அது வேண்டாம் என்று விட்டதை மட்டுமே குறுக்கு வழியாகவோ கட்டளையாகவோ கொள்ளலாம். விண்டோஸும் மாக்கும் லினக்ஸின் எக்ஸ் 11-ம் இதற்கு நெடுங்காலமாகவே வாசல் வைத்திருக்கின்றன. எக்ஸ் 11-க்கு அடுத்து வந்த வேலாண்டில் மட்டும் இந்த ஒரு காரியத்துக்கே ஒன்றுக்கு மேற்பட்ட நெறிமுறைப் பதிப்புகள் இருப்பதால் சிரமம் கூடுதல். அங்கே வேலை செய்பவர்களுக்குப் பொறுமை வேண்டும்.

க்யூட்டி, ஜிடிகே போன்ற ஆயத்த நூலகங்களின் எழுத்துப் பெட்டியை அப்படியே உபயோகித்தால் பெரும்பாலான தொல்லை தீர்ந்துவிடும். எழுத்துப் பெட்டியைத் தானே வரைந்துகொள்ளும் புரோகிராம்கள்தான், அதாவது விளையாட்டுகள், முனையங்கள், நிரல் எழுதுகருவிகள், ஓவியச் செயலிகள்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

சோதித்துப் பார்க்க அந்தப் பாஷைகள் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஜெர்மன், பிரெஞ்சு, போலிஷ், ஜப்பானிய அமைப்புகள் விண்டோஸிலும் மாக்கிலும் கூடவே கிடைக்கின்றன. லினக்ஸிலும் காசில்லாமல் நிறுவிக்கொள்ளலாம். ஜெர்மனுக்கு மாற்றிக்கொண்டு '@' குறியையும் சுருள் அடைப்பையும் தட்டட்டும். போலிஷில் ஒன்பது எழுத்தும் வருகின்றனவா என்று எண்ணட்டும். பிரெஞ்சில் கூரைக் குறியும் 'ஈ'யும். கடைசியாக ஜப்பானியத்தில் 'கிஷா' தட்டி, இடைவெளிக் கட்டையை அழுத்தி, நிருபரைத் தேர்ந்தெடுத்து, என்டர் கொடுக்கட்டும். எழுத்து பெட்டிக்குள்ளேயே நின்றால் வெளியிடலாம். செய்தி பறந்து போய்விட்டால், புரோகிராம் மறுபடியும் பட்டறைக்குப் போக வேண்டியதுதான்.